பேர்ணடெற்றின் பச்சைப் புள்ளிகள்

ஊசி ஏறும்போது பேர்ணடெற் முகத்தைத் திருப்பமாட்டார். குனிந்து பார்ப்பார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுக்கிற சிங்களப் பிள்ளைக்கு இது பிடிப்பதில்லை. "பய வென்ன எபா, அம்மே" என்று, பயப்பட வேண்டாம் என்ற வழக்கமான ஆறுதலைச் சொல்லும். "மட்ட பய நே, நங்கி. ஒயாட்டத பய?" என்பார் பேர்ணடெற். எனக்குப் பயமில்லை, உனக்குத்தான் பயமா என்று கேட்ட பிறகு அந்தப் பிள்ளை பஞ்சால் அதே இடத்தை இன்னொரு தரம் துடைக்கும்.

மார்ச் மாதம் போனபோது ஏசிக் குளிரில் பேர்ணடெற்றின் விரல்கள் வெளுத்துப்போய், நரம்பு எங்கோ ஒளிந்துகொண்டது. அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை பார்க்கும் மகள் ஷெறோமி இறங்கி வந்து, தாயின் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"மெல்லமா. நான் என்ன, ரொட்டிக்குப் பிசையிற மாவா?"

"கையை இழுக்காதீங்க அம்மா."

"நான் இழுக்கல்ல. அது உனக்குப் பயத்தில ஓடுது."

அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண வேலை இதுதான். அப்போது அது சாதாரண வேலையாகவே இருந்தது. நிறம் திரும்பியது, நரம்பு தென்பட்டது, இரத்தம் எடுத்தார்கள், தோசை சாப்பிடப் போனார்கள்.

தோசை முக்கியம். இரத்தப் பரிசோதனை என்றால் வெறும் வயிறு என்பது பேர்ணடெற்றின் சட்டம். பரிசோதனை எதுவாக இருந்தாலும் சட்டம் ஒன்றே. அன்று காலை அவர் தன் தேநீர்க் கோப்பையைச் சோசர் மேல் கவிழ்த்து வைத்துவிடுவார். கொட்டாஞ்சேனை வீட்டில் அது ஓர் அறிவித்தல். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர் மெல்ரோய், கவிழ்ந்த கோப்பையைக் கண்டால் கேத்தலோடு மனைவியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அன்று யாரும் அவர் காதுபட பிஸ்கட் என்ற சொல்லைக்கூட எடுக்கக்கூடாது.

"இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்ல. எத்தனை தரம் சொல்றது?" என்பாள் ஷெறோமி.

"வெறும் வயிறு எண்டா இரத்தம் பொய் சொல்லாது."

"சாப்பிட்டாலும் சொல்லாது."

"நீ படிச்சது புத்தகம். நான் படிச்சது வயிறு."

விவாதம் அத்தோடு முடியும். இரத்தம் கொடுத்த கையோடு காலி வீதியிலுள்ள சைவக்கடைக்குள் நுழைந்து, தோசையும் வடையும் வரவழைத்து, "சரி, நோன்பைத் திறப்பம்" என்பார். கத்தோலிக்கப் பெண் நோன்பு திறப்பது பக்கத்து முஸ்லிம் வீட்டுத் தொற்று. சாப்பிட்டு முடிந்ததும், வாசல் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குகளை நின்று பார்ப்பார். வாங்கமாட்டார். பார்ப்பார், பெருமூச்சு விடுவார், "சுவருக்குப் பூசிற சாமானை எல்லாம் ஐசிங் எண்டு விக்கிறாங்கள்" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படி சொல்லுவார்.

அந்த உரிமை அவருக்கு உண்டு. கொட்டாஞ்சேனையில் முதல்நன்மை எடுக்கிற, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற பிள்ளைகளுக்குத் திறந்த புத்தக வடிவில் கேக் செய்கிறவர் பேர்ணடெற். கலியாணமா, ஞானஸ்நானமா, வெள்ளிவிழாவா, அவரிடம்தான் வருவார்கள். முஸ்லிம் வீடுகளிலும் அவருடைய லவ் கேக் இல்லாமல் நிச்சயதார்த்தம் நடக்காது. அதில் போடுகிற கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, அரைபடக்கூடாது, வெட்டுப்பட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் வேறு எந்தக் கொள்கையிலும் இருந்ததில்லை.

அவருடைய நோய் வெளியே வந்ததும் கேக்கில்தான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பட்டர் எடுத்தால் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்தன. பிறகு நீலம் பாரித்தன. சூடு ஏறும்போது சிவந்து கொதித்தன. "வெள்ளை, நீலம், சிவப்பு. பேர்த்டே கேக்குக்குப் போதும்" என்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஷெறோமி சிரிக்கவில்லை. நாக்கு உலர்கிறது, விரல் தோல் இறுகி மோதிரம் கழலவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனை, சுற்றிவளைத்து மகளின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் சிலருக்கு ஆள் மாறி, சொந்த உடலின் கலங்களையே, உயிரணுக்களையே, பகையாக எடுத்துக்கொள்கின்றன. அப்படி ஆள் மாறியவை இரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஷெறோமியின் வேலை. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்கள் ஒட்டிய கண்ணாடித் தட்டின்மேல் நோயாளியின் இரத்தநீரை விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் நுணுக்குக்காட்டியால் பார்ப்பாள். எதுவும் ஒட்டியிராவிட்டால் இருட்டு. ஒட்டியிருந்தால் பச்சை. அந்தப் பச்சை எப்படி விழுந்திருக்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. சிலருக்குக் கலத்தின் கரு முழுவதும் ஒரே சீராக ஒளிரும். தாயின் தட்டில் எண்ணிவிடலாம் போலத் தெளிவான, தனித்தனிப் புள்ளிகள் ஒளிர்ந்தன. தோலையும் குருதிக்குழாய்களையும் மெல்ல இறுக்குகிற நோய்க்கு அந்தப் புள்ளிகள் அடையாளம். ஷெறோமி தட்டின் எண்ணைப் பதிவேட்டோடு இரண்டு தரம் ஒப்பிட்டாள். பிறகு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பேர்ணடெற் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அட, நான் கேக்கில தூவிற சாமான்! பச்சையில மட்டும் தூவியிருக்கு. வடிவாத்தான் இருக்கு."

"வடிவு இல்லம்மா. இதுதான் நோய்."

"நோய் எண்டா வடிவா இருக்கக்கூடாதோ?"

எவ்வளவு தூரம் தண்ணீர்விட்டு ஐதாக்கினாலும் பச்சை தெரிகிறது என்பதைப் புரியவைக்க ஷெறோமி சமையலறைக்கே போனாள். ஒரு சொட்டு கேக் கலரைத் தண்ணீரில் விட்டு, அதில் பாதியை அடுத்த கிண்ணத்தில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, அதில் பாதியை அடுத்ததில் ஊற்றி, நிறம் மறையும்வரை கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். "உங்கட இரத்தத்தை ஆயிரம் மடங்குக்கு மேல தண்ணியாக்கியும் பச்சை போகல்ல."

"நல்ல எசன்ஸ்" என்றார் பேர்ணடெற், மிகுந்த திருப்தியோடு.

அவரை உலுக்கியது வேறொரு செய்தி. அந்தக் கலங்கள் அவருடையவை அல்ல, பல காலத்துக்கு முன் புற்றுநோயால் இறந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து வளர்த்துக்கொண்டே வருபவை என்று ஷெறோமி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "என்ட இரத்தம் வேற ஒரு மனிசியில போய் ஒட்டினதோ? வெக்கங்கெட்ட இரத்தம்" என்று தொடங்கி, "அந்தப் பிள்ளைக்கு ஆரும் ஒரு பூசை ஒப்புக்குடுத்தீங்களா?" என்று முடித்தார். யாரும் ஒப்புக்கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில், ஒரு சகோதரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒப்புக்கொடுப்பவர் பேர்ணடெற் குடும்பம் என்று வாசிக்கப்பட்டது. எந்தச் சகோதரி என்று பாதர் பிறகு கேட்டாராம். "சொந்தம் மாதிரி, பாதர். என்ட இரத்தம் அவவிலதான் ஒட்டியிருக்கு."

மருந்து தொடங்கியது. விரல்கள் கொஞ்சம் இளகின. அதற்குப் பிறகுதான் பேர்ணடெற் ஆபத்தானவர் ஆனார். தன்னைக் காப்பாற்றிய பரிசோதனையைத் தங்கள் வீட்டு ஒழுங்கை முழுவதுக்கும் பரிந்துரைக்கத் தொடங்கினார்.

முதலில் அகப்பட்டவர் அடுத்த வீட்டு உம்மு குல்தூம். அவருக்கு முழங்கால் வலி. மருத்துவர் கேட்காத பரிசோதனைக்கு, மகளுக்கும் சொல்லாமல், வேறொரு பரிசோதனைக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனார் பேர்ணடெற். பொசிட்டிவ் என்று வந்தது. அன்று பின்னேரமே தெமட்டகொடையிலிருந்து சொந்தபந்தம் இறங்கியது. அழுகை கேட்டு பேர்ணடெற் சூப் வைத்துக் கொண்டுபோய்த் தானும் சேர்ந்து அழுதார். உம்மு குல்தூம் கையிலிருந்த வளையல்களைக் கழற்றி, மருமகள்மாருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்.

ஷெறோமி வேலையால் வந்து அறிக்கையைப் பார்த்தாள். மிகக் குறைந்த அளவு. இரண்டாவது கிண்ணத்தோடு மறைகிற நிறம்.

"அன்ரி, உங்களுக்கு ஒண்டுமில்ல. சுகமா இருக்கிற எத்தனையோ பேருக்கு இவ்வளவு இருக்கும். முழங்கால் வலி தேய்மானம்."

"அப்ப என்னத்துக்குப் பொசிட்டிவ் எண்டு போடுற?"

"இரத்தத்தில இருக்கிறதைத்தான் போடுவம். நோய் எண்டு நாங்கள் சொல்றதில்ல. ஆளைப் பார்த்திட்டுத்தான் டெஸ்ட் எடுக்கோணும். டெஸ்டைப் பார்த்து ஆளை நோயாளி ஆக்கக்கூடாது."

"பாத்தீங்களா, உங்கட எசன்ஸ் மட்டம்" என்று பேர்ணடெற் சந்தோஷத்தில் குறுக்கிட்டது உதவவில்லை.

"பேர்ணி, சாவப் போறன் எண்டு வளையல் எல்லாம் பிரிச்சிக் குடுத்துட்டன். இப்ப என்ன மொகத்தோட திருப்பிக் கேக்கிற?"

"உசிரோட இருக்கிறீங்கதானே. சந்தோசப்படுங்க."

"வளையல் இல்லாமயா?"

அன்றிலிருந்து உம்மு குல்தூம் வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: இரத்தப் பரிசோதனை பொய். வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. பேர்ணடெற் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நிப்லாவின் கையைப் பார்க்கும்வரை.

நிப்லா உம்மு குல்தூமின் கடைக்குட்டி, கலியாணம் நிச்சயமான பிள்ளை. மணப்பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். மருதாணிக் கோனும் ஐசிங் கோனும் ஒரே குடும்பம் என்பதால் இருவரும் கூட்டாளிகள். கோன் சுருட்டுகிற தாளை மாற்றிக்கொள்வார்கள், நுனி வெட்டுகிற அளவில் சண்டை பிடிப்பார்கள். ஒரு நாள் நிப்லா பூவிதழ் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த பேர்ணடெற் பேச்சை நிறுத்தினார். அவள் கோனை விரல்களால் அமுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து நெரித்தாள். நோய் தொடங்கி வரும்படி குறைந்த வருஷத்தில் பேர்ணடெற்றும் ஐசிங் கோனை அப்படித்தான் நெரித்தார், விரல் மடங்காததால்.

"காலையில விரல் மடங்குதா மகள்?"

"பத்து மணி ஆகும் அன்ரி. உம்மாக்கிட்டச் சொல்லாதீங்க."

பேர்ணடெற் மகளிடம் சொன்னார். ஷெறோமி அடுத்த நாள் ஏதோ சாட்டில் போய்ப் பார்த்தாள். இரண்டு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் சிவப்பு, வெயிலில் போனால் கூடுகிறதாம். முடி கொட்டுகிறது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. வீட்டுக்கு வந்து தாயிடம் சுருக்கமாகச் சொன்னாள்: "இது தேய்மானம் இல்ல. சிறுநீரகத்தையும் பிடிச்சிருக்கும் போல. இரத்தமும் சிறுநீரும் பார்க்கோணும். டொக்டரிட்ட நான் கதைச்சு எழுதி எடுக்கிறன். ஆனா பிந்தக்கூடாது."

"பிந்தினா?"

"சிறுநீரகம் போனா திரும்பாதம்மா."

பேர்ணடெற் அன்றே லவ் கேக்கோடு கிளம்பினார்.

"டெஸ்ட் பேச்செடுத்தா கேக்கையும் தூக்கிட்டுப் போங்கொ" என்றார் உம்மு குல்தூம்.

"கேக்கை வச்சிட்டுப் போறன். பேச்சை நாளைக்குக் கொண்டுவாறன்."

மறுநாள் பேச்சு வந்தது. கூடவே முஸ்லிம் வீட்டு இனிப்பான வட்டிலப்பம் எப்படிச் செய்வது என்ற சந்தேகமும் வந்தது. அது பேர்ணடெற்றுக்கு நன்றாகவே தெரியும். அதற்கடுத்த நாள் மிரட்டல். அதற்கடுத்த நாள், நிப்லாவின் கலியாணக் கேக்கை மூன்று அடுக்கில் செய்து தருவதாக வாக்குறுதி. உம்மு குல்தூம் அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஹெந்தளையில் இருக்கிறார்கள், பொசிட்டிவ் என்ற ஒரு சொல் அங்கே போனால் போதும் என்பது அவருடைய பயம். கடைசியில் பேர்ணடெற் நிப்லாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, தன் கையையும் அவள் கையையும் மேசையில் அருகருகே வைத்து, உம்மு குல்தூமிடம் சொன்னார்:

"உங்களை நான் இழுத்துக்கொண்டு போனது பிழை. முழுக்க என்ட பிழை. உங்களுக்கு முழங்கால், அது வயசு. இது வயசில்ல. பாருங்க. கேக் வெட்டக் கத்தி பிடிக்க இந்தக் கை வேணுமே. நான் செய்யிற கேக் கல்லு மாதிரி, தெரியும்தானே."

உம்மு குல்தூம் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். நிப்லாவின் விரல் மூட்டுகள் பேர்ணடெற்றினதைவிட வீங்கியிருந்தன.

"நீங்க கூடப் போறதெண்டாத்தான். அந்த ஊசிக்காரிக்கு முன்னுக்கு நீங்கதான் நிக்கோணும். வேற ஆரோடயும் அனுப்பமாட்டன்."

"நான் நிக்காம வேற ஆரு நிக்கிற?"

சித்திரைப் புதுவருஷ விடுமுறை முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று பேர்ணடெற் நிப்லாவிடம் தனியாகச் சொல்லி வைத்தார். பின்னால் நின்ற ஷெறோமி வாயைத் திறந்தாள். பேர்ணடெற் திரும்பிப் பார்த்தார். ஷெறோமி வாயை மூடினாள்.

விடுமுறைக்கு முந்திய வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த பேர்ணடெற் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். அந்தப் பச்சைப் புள்ளிகள் நுரையீரலையும் இதயத்தையும் குறிவைக்கக்கூடும் என்று ஷெறோமிக்குத் தெரியும். தெரிந்துதான் வருஷாவருஷம் இதயத்தை ஸ்கேன் செய்ய அழைத்துப் போனாள். ஜனவரியில் எடுத்த அறிக்கை நன்றாக இருந்தது. அதை அவள் மறுபடியும் மறுபடியும் வாசித்தாள். அதில் பிழை எதுவும் இல்லை. சவப்பெட்டியில் வைக்க மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார்கள். கழலவில்லை. "விடுங்க, அவ தரமாட்டா" என்றார் மெல்ரோய்.

அடக்கம் முடிந்து, விடுமுறையும் முடிந்தது. திங்கள் மாலை உம்மு குல்தூம் வந்தார். கையில் பேர்ணடெற்றின் கேக் பிளேட். அந்த ஒழுங்கையில் பிளேட் வெறுமையாகத் திரும்புவதில்லை, ஆகவே அதில் வட்டிலப்பம் இருந்தது. ஷெறோமி வாங்கி மேசையில் வைத்தாள். எப்படிக் கேட்பது என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் செவ்வாய்" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"அம்மா கூட வந்தாத்தான் எண்டு சொன்னீங்க. நான் வாறன் அன்ரி. ஊசி போடேக்க பக்கத்திலேயே நிப்பன். ரிப்போட் என்ட கைக்குத்தான் வரும். ஹெந்தளைக்குப் போகாது."

உம்மு குல்தூம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "மகள், அவ உசிரோட இருந்தா ஏலாது எண்டிருப்பன். காலையில எழும்பி சண்ட புடிச்சிப் பேச்ச மாத்தியிருப்பன். அப்படி எத்தன தரம் மாத்தியிருக்கன். மௌத்தான மனிசியோட எப்படிச் சண்ட புடிக்கிற? சொன்னது சொன்னதுதான். புள்ள ஏழு மணிக்கு வருவா." வாசல்வரை போய்த் திரும்பினார். "வளையல்ல ரெண்டு திரும்பி வந்திட்டு. அவக்கிட்டச் சொல்ல இருந்தன்."

காலையில் நிப்லா வந்தாள். கறுப்பு அபாயா, வெயில் ஏறுமுன்பே விரித்த குடை, வீங்கிய கணுக்காலுக்குத் தோதான பெரிய செருப்பு. மெல்ரோய் பழக்கத்தில் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, கேத்தலோடு வந்தார்.

"வேணாம் அங்கிள்" என்றாள் நிப்லா. "பேர்ணி அன்ரி வெறும் வயித்தோட வரச் சொன்ன. ராவு சாப்பிட்டதுதான்." பிறகு ஷெறோமியைப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "சாப்பிட்டா இரத்தம் பொய் சொல்லுமாமே?"

இந்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை. பிளேன்ரீ குடிக்கலாம், பாண் சாப்பிடலாம், ஒரு புள்ளிகூட மாறாது. ஷெறோமி அதை ஊரெல்லாம் சொல்லிக் களைத்தவள். நிப்லாவின் கை மேசை விளிம்பில் ஊன்றியிருந்தது, விரல்கள் மடங்காமல்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் ஷெறோமி. "முடிஞ்ச உடன தோசைக்குப் போவம்."

மெல்ரோய் அவள் பக்கம் வந்து கேத்தலைச் சரித்தார். அவள் தன் கோப்பையை எடுத்து, சோசர் மேல் கவிழ்த்து வைத்தாள். மெல்ரோய் கேத்தலை நிமிர்த்தினார். பிறகு கேத்தலோடு அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.